ஒரே குழு, இரண்டு பயிற்றுவிப்பாளர்கள்: திருகோணமலை ரசிகனின் ஒப்பீடு

ஒரு பயிற்றுவிப்பாளரை மாற்றியதால் அணி முன்னேறியதா என்று கேட்டால், நேர்மையாக விடை சொல்வது கடினம். எதிரணிகள் மாறியிருக்கும், சுற்றுப்போட்டி மாறியிருக்கும், காயங்களும் வயதும் வீரர்களை மாற்றியிருக்கும். இலங்கை தேசிய உதைபந்தாட்ட அணியின் வரலாற்றில் ஒரு தடவை இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. 2022 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிகாண் இரண்டாம் சுற்றில் இலங்கை ‘எச்’ குழுவில் இருந்தது. 2019இல் நடந்த போட்டிகளில் நிசாம் பக்கீர் அலி அணியை வழிநடத்தினார். பெருந்தொற்று இடையில் புகுந்தது. 2021 ஜூனில் எஞ்சிய இரண்டு போட்டிகளில் அமீர் அலஜிக் வழிநடத்தினார். ஒரே வினாத்தாளை இருவர் எழுதியது போல, தென்கொரியாவையும் லெபனானையும் இருவருமே எதிர்கொண்டார்கள்.

2019 ஒக்டோபர் 10 அன்று தென்கொரியாவின் ஹ்வாசோங் நகரில் இலங்கை 0-8 எனத் தோற்றது. கிம் ஷின்-வூக் மட்டும் நான்கு கோல், சன் ஹியூங்-மின் இரண்டு. ஐந்து நாள் கழித்துக் கொழும்பில் லெபனானிடம் 0-3. அடுத்த பக்கத்தில், 2021 ஜூன் 5 அன்று கோயாங்கில் லெபனானிடம் 2-3. அதில் முதல் கோலை அடித்ததே இலங்கைதான். நான்கு நாள் கழித்துத் தென்கொரியாவிடம் 0-5. கூட்டிப் பார்த்தால், அதே இரண்டு எதிரணிகளிடம் பக்கீர் அலியின் அணி பதினொரு கோல் வாங்கி ஒன்றும் அடிக்கவில்லை. அலஜிக்கின் அணி எட்டு வாங்கி இரண்டு அடித்தது.

திருகோணமலையில் இந்தக் கணக்கை வைத்து இரண்டு கட்சிகள் உருவாகின. உட்துறைமுக வீதியில் தேநீர்க்கடை வாங்கில் இருந்து பேசினாலும் சரி, மக்கெய்சர் மைதானத்துப் படிகளில் இருந்து பேசினாலும் சரி, பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். “வெளியில இருந்து ஆள் வந்தாத்தான் எங்கட டீம் உருப்படும்” என்பது ஒரு கட்சி. “பக்கீர் அலிக்கும் அந்தப் பொடியன்மாரக் குடுத்திருந்தா அவரும் கோல் அடிச்சிருப்பார்” என்பது மற்றது. முதல் கட்சிக்குக் கணக்கு துணை நிற்கிறது. இரண்டாவது கட்சி கணக்குக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கச் சொல்கிறது. நான் இரண்டாவது கட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறேன், ஆனால் அவர்களோடும் முழுக்க உடன்பட முடியவில்லை. ஏனென்றால் இரண்டு கட்சிகளும் ஒரே விடயத்தை விட்டுவிட்டுத்தான் சண்டை பிடிக்கின்றன.

பக்கீர் அலி நம்முடைய ஆள். இலங்கையின் பின்களத்தில் நின்றவர். எண்பதுகளில் டாக்கா அபாகனி கழகத்துக்கு விளையாடி, அந்த நகரத்து ரசிகர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வளர்ந்தவர். பிறகு பங்களாதேஷ் கழகங்களில் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார். 2018இல் தேசிய அணியை ஏற்றபோது அவருக்கு வீரர்களை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. இராணுவக் கழகத்தில் யார், கடற்படையில் யார், யாருக்கு வேலையில் லீவு கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதெல்லாம் இந்த நாட்டில் உதைபந்தாட்டம் தெரிந்தவருக்கே புரியும். சம்பளத்துக்காகப் படையிலோ பொலிசிலோ சேர்ந்து, கடமை முடிந்த பிறகு பந்து விளையாடுகிறவர்கள்தான் நம் தேசிய அணியின் முதுகெலும்பாக நெடுங்காலம் இருந்தார்கள். அந்த வீரனின் உடம்பு எந்த நேரத்தில் களைக்கும் என்று வெளியாருக்குச் சொல்லித்தர வேண்டும். பக்கீர் அலிக்குத் தேவையில்லை.

அவருடைய தொடக்கம் நன்றாகவே இருந்தது. 2018 ஓகஸ்ட் கடைசியில் பங்களாதேஷின் நில்பாமாரியில் நடந்த நட்புறவுப் போட்டியில் இலங்கை 1-0 என வென்றது. அடுத்த வாரம் தெற்காசியக் கிண்ணத்தில் இந்தியாவிடம் 0-2 எனத் தோற்றாலும் மாலைதீவை 0-0 எனத் தடுத்தது. புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் சமம். நாணயச் சுழற்சியில் மாலைதீவு அரையிறுதிக்குப் போனது, போனதோடு நிற்காமல் இந்தியாவை இறுதிப்போட்டியில் வென்று கிண்ணத்தையும் தூக்கியது. ஒரு நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால் பக்கீர் அலியின் பெயரை நாம் வேறு குரலில் சொல்லியிருப்போம். ரசிகனின் தீர்ப்பில் இப்படியான தற்செயல்களுக்கும் இடம் இருக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை.

2019 இன்னும் கொடியது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு நாடே உறைந்துபோயிருந்தது. ஜூனில் மக்காவுக்கு எதிரான தகுதிகாண் முதற்சுற்றின் முதல் போட்டியில் 0-1 எனத் தோற்றோம். இரண்டாவது போட்டிக்குக் கொழும்பு வர மக்காவு மறுத்ததால் 3-0 என வெற்றி நமக்கு வழங்கப்பட்டது. அடுத்த சுற்றுக்குள் நாம் நுழைந்தது அப்படித்தான். செப்டெம்பரில் துர்க்மெனிஸ்தானிடம் 0-2, வடகொரியாவிடம் 0-1. இரண்டும் கொழும்பில். என் பார்வையில் அந்த வடகொரியப் போட்டிதான் பக்கீர் அலியின் சிறந்த நாள். 1966இல் உலகக் கிண்ணக் காலிறுதி ஆடிய நாட்டுக்கு எதிராக ஒரேயொரு கோல் வித்தியாசம். வடகொரியா பின்னர் தொடரிலிருந்து விலகியபோது அந்தப் போட்டியே அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. அந்தத் தகுதிகாணில் அவருக்குச் சாதகமான ஒரே சான்றும் ஏட்டிலிருந்து போய்விட்டது. நவம்பரில் துர்க்மெனிஸ்தானிடம் மறுபடி 0-2. 2020 ஜனவரியில் டாக்காவில் பங்கபந்து கிண்ணத்தில் பலஸ்தீனத்திடம் 0-2, பங்களாதேஷிடம் 0-3. அதோடு அவர் காலம் முடிந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். மக்காவு தொடங்கி அந்தத் தகுதிகாண் ஆட்டங்களில் களத்தில் அவருடைய அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பின்கள வீரராக இருந்தவர் கட்டிய அணி பின்களத்திலேயே வாழ்ந்தது. பந்து கிடைத்ததும் நீளமாக உதைத்து விடுவது, உதைத்த பந்தை எதிரணி எடுத்துக்கொண்டு திரும்பி வருவது, மறுபடி தடுப்பது. எழுபது நிமிடம் இப்படித் தாங்கலாம், தொண்ணூறு நிமிடம் தாங்க முடியாது.

அலஜிக் பொஸ்னியாவில் பிறந்த அவுஸ்திரேலியர். 2020இன் தொடக்கத்தில் வந்தார். வந்த கையோடு உலகமே மூடிக்கொண்டது. ஒரு பயிற்றுவிப்பாளருக்கு ஒரு வருடத்துக்கு மேல் சர்வதேசப் போட்டி இல்லை என்றால் அது தண்டனையாகத் தெரியும். உண்மையில் அவருக்கு அது கொடை. 2019 தகுதிகாணில் பக்கீர் அலிக்கு ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் இடையில் பல தடவை நாட்கள்தான் இருந்தன. அலஜிக்குக்கு வீரர்களைப் பார்க்கவும் கழிக்கவும் மாதங்கள் கிடைத்தன. 2021 ஏப்ரலில் சுப்பர் லீக்கும் தொடங்கியது.

அதன் பலன் லெபனான் போட்டியில் தெரிந்தது. பின்னால் பதுங்காமல் பந்தை வைத்துக்கொண்டு ஏறிய ஒரு இலங்கை அணியை நான் பல வருடங்களுக்குப் பிறகு அன்று பார்த்தேன். அதே வருடம் ஒக்டோபரில் மாலேயில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் பங்களாதேஷிடம் 0-1, நேபாளத்திடம் 2-3, மாலைதீவிடம் 0-1 எனத் தோற்றாலும் இந்தியாவை 0-0 என நிறுத்தியது. நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் தொடரில் மாலைதீவுடன் 4-4, பங்களாதேஷை 2-1 என வென்று இறுதிக்குப் போய், சீசெல்ஸுடன் 3-3 என முடித்துத் தண்ட உதையில் தோற்றது. பெரும்பாலும் தோல்விகள்தாம். ஆனால் கோல் அடிக்கத் தெரிந்த அணியின் தோல்விகள்.

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் கிளற வேண்டும். லெபனானுக்கு எதிரான இரண்டு கோல்களையும் அடித்தவர் வசீம் ராசீக். பிறந்தது ஜேர்மனியில், பந்து கற்றதும் அங்கே. ஆகவே “வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர் வந்ததும் கோல் வந்தது” என்ற வாக்கியத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. கோல் வந்த வழி, ஒழுங்கான பயிற்சிக்கூடத்தில் சின்ன வயதிலிருந்தே வளர்ந்த ஒரு காலிலிருந்து. அலஜிக்கின் திறமை அந்தக் காலுக்கு முன்னால் பந்து போய்ச் சேரும்படி மற்றப் பத்துப் பேரையும் நிறுத்தியதில் இருக்கிறது. அது சிறிய திறமை அல்ல. ஆனாலும் உள்ளூர்ப் பயிற்றுவிப்பாளரை விட வெளிநாட்டவர் மேல் என்று நிரூபிக்க அது போதாது. இரண்டு போட்டிகளில் மூன்று கோல் குறைவாக வாங்கினோம் என்பதை வைத்து ஒரு மனிதரின் அறிவை எடைபோட நான் தயாரில்லை.

என் ஒப்பீட்டில் கனமானது வேறொன்று. உள்ளூர்க்காரரும் வெளிநாட்டுக்காரரும் ஒரே யன்னலால்தான் நாட்டைப் பார்த்தார்கள். 2021 சுப்பர் லீக்கின் பத்துக் கழகங்களை எடுங்கள்: கொழும்பு, ரினௌன், ரத்னம், களுத்துறை ப்ளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவ நியூ யங்ஸ், நாவலப்பிட்டி அப்கன்ட்ரி லயன்ஸ், இராணுவத்தின் டிபெண்டர்ஸ், விமானப்படையின் ப்ளூ ஈகள்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ். வடக்கிலிருந்து ஒரு கழகம் இல்லை, கிழக்கிலிருந்தும் ஒரு கழகம் இல்லை. கடற்படையின் கிழக்குக் கட்டளைப் பீடம் எங்கள் துறைமுகத்தில்தான் இருக்கிறது. அவர்களுடைய கழகத்தின் பந்து மட்டும் மேற்குக் கரையில் உருள்கிறது.

இந்த மண்ணில் பந்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரித்தானியக் கடற்படை 1957இல் துறைமுகத்தைக் கையளித்துப் போனபோது கப்பல்காரர்கள் தங்களோடு கொண்டுபோக முடியாத பொருள்களில் ஒன்று உதைபந்தாட்டம். மூதூரிலும் கிண்ணியாவிலும் அந்தி சாய முன் மைதானத்துக்குப் போனால் வயது வித்தியாசம் இல்லாமல் ஆட்கள் நிற்பதைக் காணலாம். பாலங்கள் வரும் முன் மூதூர்க் கழகம் நகரத்தில் விளையாட வேண்டுமென்றால் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்து வரவேண்டும், கடல் குழம்பினால் போட்டி இல்லை. யுத்தமும் 2004 சுனாமியும் கழகங்களின் ஒரு தலைமுறையையே கலைத்துப் போட்டன. மறுபடி சேர்த்தவர்கள் இந்த ஊர் ஆசிரியர்களும் மீனவர்களும் கடைக்காரர்களும்தான். இவ்வளவும் இருந்தும், கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஆடாத பையன் தேசியப் பயிற்றுவிப்பாளரின் கண்ணில் படுவது அரிது. திருகோணமலையிலிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர் அளவில். இரவுத் தபால் ரயிலில் ஏறித் தெரிவுக்குப் போகும் பையன் விடியத் தூக்கமில்லாத உடம்போடு மைதானத்தில் இறங்குகிறான். பக்கீர் அலி காலத்திலும் அப்படித்தான். அலஜிக் காலத்திலும் அப்படித்தான்.

ஆகவே அலஜிக் போனதும் என்ன நடந்தது என்பதில் எனக்கு வியப்பு இல்லை, வருத்தம் மட்டும் உண்டு. மன்செஸ்டர் சிட்டியின் முன்னாள் அணித்தலைவர் அன்டி மொரிசன் 2022இல் பொறுப்பேற்றார். ஜூனில் நமங்கானில் உஸ்பெகிஸ்தானிடம் 0-3, மாலைதீவிடம் 0-1, தாய்லாந்திடம் 0-2. மூன்று போட்டியிலும் கோல் இல்லை. முந்தைய வருடம் தெரிந்த முன்னேற்றம் நாட்டுக்குச் சொந்தமாகியிருந்தால் ஒரு மனிதர் விமானம் ஏறியதும் அது மறைந்திருக்காது. பிறகு 2023 ஜனவரியில் மூன்றாம் தரப்புத் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிபா நம்மை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதம் வரை தடை.

2024இல் வந்த குவைத்துக்காரர் அப்துல்லா அல் முதைரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாலேயில் நம்மை 3-2 என வென்ற நேபாளத்தின் பயிற்றுவிப்பாளர் இவரேதான். அந்தத் தொடரில் நேபாளத்தை முதன்முறையாக இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். இங்கு வந்ததும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைத் திட்டமிட்டுத் தேடினார். சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன், ஜேர்மனியில் வளர்ந்த கிளோடியோ கம்மர்க்னெக்ட் போன்றவர்கள் இலங்கைச் சட்டை போட்டார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தோம். 2025 ஜூன் 10 அன்று கொழும்பில் சீன தாய்ப்பேயை 3-1 என வென்றோம். அன்று என் ஊரில் கேட்ட வெடிச்சத்தம் கிரிக்கெட்டுக்கு அல்ல என்பதே எனக்குப் பெருமை. ராஜமோகன் என்ற பெயரைச் சட்டையின் முதுகில் பார்க்கும்போது எங்கள் வீடுகளில் ஏற்படும் நெருக்கத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் ஸ்டொக்ஹோம் வரை போகும் கண், கிண்ணியா வரை வரவில்லையே என்ற கேள்வியும் அதே நெஞ்சில்தான் எழுகிறது.

உள்ளூரா வெளியா என்ற கேள்விக்குப் பக்கத்து நாட்டையும் பார்க்கலாம். அதே ஜூன் 10 அன்று இந்தியா ஹொங்கொங்கில் 0-1 எனத் தோற்றது. அந்த அணியின் பயிற்றுவிப்பாளர், ஸ்பானியரான மனோலோ மார்க்கெஸ் அடுத்த மாதமே விலக, ஓகஸ்ட் 2025இல் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு நிரந்தரமாக அந்தப் பதவிக்கு வந்த இந்தியர். அவரை உள்ளூர்க்காரர் என்பதற்காக நான் இங்கே கொண்டுவரவில்லை. 2016-17இல் மிசோரமின் அய்சோல் கழகத்துக்கு ஐ-லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். டில்லி, கொல்கத்தா, கோவா யன்னல்களுக்கு வெளியே இருந்த ஒரு மலைநகரத்தில் நின்று நாட்டின் பந்தைப் பார்த்தவர். அப்படிப் பார்த்த கண் ஒருவருக்கு இருந்தால் அவருடைய கடவுச்சீட்டின் நிறம் எனக்குப் பொருட்டல்ல.

அப்படிப்பட்ட கண் பயிற்றுவிப்பாளரோடு போய்விட வேண்டியதும் இல்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தை நேசிக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்கள் ஷாங்லி, பெய்ஸ்லி, பேகன், டல்கிளிஷ் என்று பயிற்றுவிப்பாளர் பெயர்களைச் சுலோகம் போலச் சொல்வார்கள். 1974இல் ஷாங்லி விலகியபோது அவருடைய உதவியாளர் பெய்ஸ்லி மேலே வந்தார், 1983இல் பெய்ஸ்லி விலகியபோது பேகன், 1985இல் டல்கிளிஷ். அந்தச் சுலோகத்தில் வராத பெயர் ஜெஃப் ட்வென்டிமன். 1967 முதல் 1986 வரை அக்கழகத்தின் தலைமை வீரர் தேடுநர். கீழ்மட்டப் பிரிவுகளின் சிற்றூர் மைதானங்களில் நின்று கெவின் கீகன், ஃபில் நீல், இயன் ரஷ் ஆகியோரைக் கண்டுகொண்டவர். மேலே நான்கு பேர் மாறினார்கள், கீழே பார்க்கும் கண் மாறவில்லை. இதற்கு மறுபக்கம் மன்செஸ்டர் யுனைட்டட். 2013இல் ஃபெர்குசன் ஓய்வுபெற்று டேவிட் மொய்ஸ் வந்தபோது, பழைய பயிற்சிக் குழுவின் மைக் ஃபீலன், ரெனே மியூலன்ஸ்டீன், எரிக் ஸ்டீல் மூவரும் வெளியேற, மொய்ஸ் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். முதல் வருடம் முடிய முன்னரே, 2014 ஏப்ரலில் அவரும் போனார். சம்பியன் அணி ஏழாம் இடத்தில் முடித்தது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த உடைமாற்றும் அறையைப் பற்றிய அறிவு ஒரே கோடையில் வெளியேறியது.

பக்கீர் அலியின் தலைக்குள் இருந்த வீரர்களைப் பற்றிய அறிவு எந்தக் கோப்பில் இருக்கிறது? அலஜிக் மாதக்கணக்காகப் பார்த்துக் கழித்துச் சேர்த்த பெயர்கள் எந்தக் கையில் ஒப்படைக்கப்பட்டன? ஒரு ரசிகனுக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது. பக்கீர் அலியை அனுப்பியதை விட, அவரை அலஜிக்கின் பக்கத்தில் உட்கார வைக்காததுதான் என் பார்வையில் பெரிய இழப்பு. ஒருவர் வீரனை அறிந்தவர், மற்றவர் ஆட்டத்தை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர். அந்த இருவரும் ஒரே நீள்இருக்கையில் இருந்திருந்தால் லெபனான் போட்டி 2-3 ஆக முடிந்திருக்குமா என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

தலைமைப் பயிற்றுவிப்பாளர் எந்த நாட்டவராகவும் இருக்கட்டும். அவரோடு வந்து அவரோடு போகாத ஒரு உள்ளூர் உதவிப் பயிற்றுவிப்பாளர் வேண்டும். திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் ஒவ்வொன்றிலும் சம்பளம் வாங்கும் ஒரு வீரர் தேடுநர் வேண்டும். அவர் எழுதும் பெயர்ப்பட்டியல் சம்மேளனத்தின் சொத்தாக இருக்க வேண்டும். தேசிய முகாமின் ஒரு வாரமாவது மக்கெய்சர் மைதானத்தில் நடக்க வேண்டும். ரயிலில் இரவெல்லாம் கண்விழித்து வரும் எங்கள் பையனைக் கொழும்பில் காலை ஏழு மணிக்குச் சோதிப்பதை விட, அவன் நித்திரை கொண்டு எழும்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும் நாளில் அவனைப் பார்ப்பது எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் நல்லது. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிறவர் யாராக இருந்தாலும், சம்பளத்தைப் பேசி முடித்த பிறகு இந்த நான்கையும் அதில் எழுதிக் கேட்கட்டும்.